மாறாத கண்

பானுமதி டீச்சருக்கு முன்பல் ஒன்று கிடையாது. பல் கட்டிக்கொள்ளுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கிற ஆளா அவர்? அந்தப் பல்லை உடைத்தது ஒரு பீங்கான் பொம்மை.

விருத்தாசலத்தில் எங்கள் ஆரம்பப் பள்ளியில் அவர் மூன்றாம் வகுப்பு, சுவருக்கு இந்தப் பக்கம் நான் நாலாம் வகுப்பு வாத்தியார். அவர் போடும் சத்தத்தில் என் தலை வெடிக்கும். ஒரே மெட்டை வேகமாக, மெதுவாக, அழுகையாக, கோபமாக, கிண்டலாக என்று ஐந்து விதமாகப் பாடுவார். ஊரிலுள்ள பீங்கான் பொம்மைக் கம்பெனியிலிருந்து, ஒரே அச்சில் வார்த்த வெள்ளைப் பொம்மைகளை வாங்கிவந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து கொடுப்பார். அவர் பாடும் ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு பொம்மைக்கு வண்ணம் அடிக்க வேண்டும்.

"ஒவ்வொரு தடவையும் எதையாச்சும் மாத்துங்க. ஆனா ஒண்ணு மட்டும் மாறக்கூடாது. அத வச்சுதான் அதே பாட்டுன்னு கண்டுபிடிப்போம்."

கவிப்ரியா ஐந்து பொம்மைக்கும் ஐந்து நிறத்தில் சேலை தீட்டியிருந்தாள். இடது கண் மட்டும் ஐந்திலும் ஒரே கறுப்பு.

"யாரும்மா இது?"

"எங்கம்மா டீச்சர். இது கதவு இடிச்சப்ப. இது கொழாயடில வழுக்குனப்ப. இது மாடு முட்டுனப்ப..."

"உங்க வூட்ல மாடு இருக்குதா?"

"இல்ல டீச்சர்."

அன்று மாலையே பொம்மைகளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "இந்த வம்பு நமக்கெதுக்கு டீச்சர்?" என்று புலம்பிக்கொண்டே ஸ்கூட்டரில் நானும் பின்னால் போனேன்.

கவிப்ரியாவின் அப்பா பாண்டியன், வேப்பூரில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். டீச்சர் ஐந்து பொம்மைகளையும் வாசற்படியில் வரிசையாக வைத்தார். அவன் பார்த்தான். புரிந்துவிட்டது.

"சொல்லிக் குடுத்தியாடி?" என்று மனைவி ராணியின் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். டீச்சர் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"பாட்டு சொல்லிக் குடுன்னு அனுப்புனா பஞ்சாயத்துக்கா வர?" ஒரு பொம்மையை எடுத்து அவர் வாயிலேயே அடித்தான். மற்ற நான்கையும் மிதித்தான். படியெல்லாம் பீங்கானும் ரத்தமும். மீசை வைத்திருக்கும் நான், ஸ்கூட்டர் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

தெருவே திரண்டதும் ஓடிவிட்டான். டீச்சரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ராணியும் மகளும் கூடவே வந்தார்கள்.

"எப்படிம்மா ஆச்சு?" பேனாவும் கையுமாக நர்ஸ் கேட்டார். டீச்சர் வாயில் துணி, பேச முடியவில்லை.

"படில வழுக்கி..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தாள் ராணி.

கவிப்ரியா கைவிரலைப் பிரித்தாள். உள்ளே உடைந்த பொம்மைத் தலை ஒன்று, இடது கண் கறுப்பாக. ராணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லீங்க. எம்புருஷன் அடிச்சான். எழுதிக்குங்க. அவங்க பல்லு இன்னிக்கி. என் கண்ணு எட்டு வருசமா."