பூந்தி விட்டு வைத்த மிச்சம்

தீவனக் கடைத் தொழிலில் காசு கொடுப்பவர் ஒருவர், தின்பவர் இன்னொருவர். தின்பவருக்குப் பேச வராது என்பதால் வசவு முழுவதும் எடை போடுகிறவர் தலையில்தான் விழும். தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாயோ, பூனையோ, பேரனோ வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு தீவனக் கடையில் எடை போடுவது என் வேலை. முன்பெல்லாம் தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கோழித் தீவனம், அவ்வளவுதான். இப்போது நாய்த் தீவனமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். மூட்டையின் மேல் அச்சடித்திருப்பதைவிட உள்ளே இருப்பதைக் கையில் அள்ளிப் பார்த்தால்தான் எனக்கு விஷயம் விளங்கும். ஆள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சம். அதனால் தராசைப் பார்த்துக்கொண்டே பேசிவிடுவேன்.

காதோடு கேட்ட தீவனம்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்: முதலாளி குமார் தம்பி, நான், பருத்திக்கொட்டைக்கு வந்த இரண்டு பேர், கோழித் தீவனத்துக்கு வந்த ஒரு அம்மா, மூட்டையை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வராமலே நின்ற இராமலிங்கம் அண்ணன். ஆக ஏழு பேர். இராமலிங்கம் அண்ணன் நடவு வயலில் நின்று குரல் கொடுத்தால் அடுத்த வாய்க்காலில் கேட்கும். அப்பேர்ப்பட்டவர், மற்ற எல்லோரும் போகும்வரை சாக்கு மூட்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "தங்கச்சி, நாய்க்கு என்ன இருக்கு? சின்ன நாய்" என்றார்.

அவர் மகள் கவிதா சென்னையில் வளர்த்த பொமரேனியன் அது. பெயர் பூந்தி. கவிதா வேலை மாறிச் சிங்கப்பூர் போனபோது இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டாள். வந்ததிலிருந்து சரியாகத் தின்பதில்லை. போனில் படம் பார்த்த கவிதா, 'பொங்கலுக்கு வருவேன், அப்பவும் இப்படியே எலும்பாக இருந்தால் சென்னையில் என் சிநேகிதியிடம் கொடுத்துவிடுவேன்' என்று சொல்லிவிட்டாளாம். "அவ தூக்கிட்டுப் போயிட்டா நானும் உங்க அண்ணியும் ஆளுக்கொரு சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்றார். நான் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். அதற்குள் தெருவில் யாரோ தெரிந்தவர் வர, அண்ணன் நிமிர்ந்துகொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்: "யாராச்சும் கேட்டா மாட்டுக்குத் தவிடுன்னு சொல்லிடு."

படத்தில் இருந்த நாய்

நான் வாய் திறப்பதற்குள் குமார் தம்பி இருப்பதிலேயே பெரிய மூட்டையை எடுத்துப் போட்டுவிட்டது. அதன் மேல் கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று நாக்கைத் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்குப் படம் பிடித்துப்போயிற்று. பொங்கலுக்குள் பூந்தி அப்படி ஆகிவிடும் என்று நம்பித்தான் வண்டியில் ஏற்றினார். உள்ளே உருண்டை ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு.

அடுத்த முறை வந்தபோது அண்ணன் முகம் தொங்கிப்போயிருந்தது, தட்டு நிறைய மிச்சமாம். "தின்னதை விடுங்கண்ணே, விட்டதை எடுத்துட்டு வாங்க" என்றேன். மறுநாள் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். தராசுத் தட்டில் பரப்பினேன். முப்பத்தெட்டு உருண்டை. அதில் பதினொன்றில் பல் பட்ட தடம் இருந்தது, எல்லாம் ஒரே பக்கத்தில், ஆழமே இல்லாமல். வேண்டாம் என்கிற நாய் வாயிலேயே வைக்காது. இது வாயில் வைத்துக் கடித்துப் பார்த்துக் கீழே போட்டிருக்கிறது. "இதுக்குப் பிடிக்காம இல்லண்ணே, முடியலை. மருத்துவர்கிட்ட வாயைக் காட்டுங்க. அதுவரைக்கும் நனைச்சு வைங்க" என்றேன். குமார் தம்பி கல்லாவிலிருந்து கத்தியது: "பாருங்க, நாயைப் பார்க்காமலே அக்கா நாய்க்கு ஜாதகம் எழுதுது!"

நனைத்து வைத்த விதம்

'நனைத்து வைங்க' என்று நான் சொன்னது வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம். ஆனால் மாடு கட்டியிருக்கிற வீட்டில் ஊறவைப்பதற்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. அண்ணி புண்ணாக்கை ஊறவைப்பது போலவே அதையும் அரிசி கழுவிய கழுநீரில் போட்டு, மூடி, விடியும்வரை வைத்துவிட்டார்கள். காலையில் புளித்துப் பொங்கிவிட்டது. பூந்தி கிட்டே வந்து ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வீணாகப் போகிறதே என்று அண்ணி அதைத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்கள். மாடு தொட்டியை நக்கிச் சுத்தம் பண்ணிவிட்டது. அதன்பிறகுதான் மூட்டையின் மூலையில் இருந்த கோழிப் படம் அண்ணியின் கண்ணில் பட்டது. மாட்டுக்குக் கோழிக்கறி கொடுத்துவிட்டோமே என்று பதறி, அந்த வெயிலில் கடைக்கு நடந்தே வந்துவிட்டார்கள். மாட்டுக்கு இனி ஒருபோதும் அதைக் காட்டாதீர்கள் என்று சொல்லி, நாய்க்கு நனைக்கிற விதத்தையும் ஒரு கிண்ணத்தில் செய்து காட்டினேன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி சொன்னார்கள்: "சரோஜா, இதை யார்கிட்டயும் சொல்லிடாதே, இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற!"

(அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் இப்போது எழுதுகிறேன்.)

மருத்துவரிடம்

கால்நடை மருத்துவமனைக்கு என்னையும் துணைக்கு அழைத்துப் போனார்கள். நான் ஓரமாக நின்றேன். மருத்துவர் அம்மா பூந்தியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். கடைவாயில் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது, ஈறு சிவந்திருந்தது. மயக்க ஊசி போட்டு எடுத்தார். பிறகு எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். சின்ன நாய்க்கு வயிறும் சின்னது, ஒரே வேளையில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைக்க வேண்டும். சின்ன ஜாதிக்கென்று வரும் பொடி உருண்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். தீவனத்தை ஒரே நாளில் மாற்றாமல் பழையதோடு கலந்து கலந்து மாற்ற வேண்டும். நான் அத்தனையையும் மனதில் போட்டுக்கொண்டேன். இன்றுவரை கடைக்கு வருகிறவர்களுக்கு அதையேதான் சொல்கிறேன்.

அண்ணன் சும்மா இருக்காமல் துண்டை அவிழ்த்துப் பல் தடம் பட்ட உருண்டைகளைக் காட்டி, தங்கச்சிதான் கண்டுபிடித்தது என்றார். எனக்கு எங்கே போய் நிற்பதென்று தெரியவில்லை. மருத்துவர் அம்மா ஒரு உருண்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "இனிமே நாயோட சேர்த்து அது மிச்சம் வச்ச தட்டையும் கொண்டாங்கன்னு போர்டு எழுதி மாட்டணும் போலிருக்கே."

கடித்துப் பார்த்தது

பொடி உருண்டையில் எங்கள் கடையில் மூன்று வகை இருந்தது. எதைக் கொடுப்பது? நெல் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க நம் பக்கத்தில் என்ன செய்வோம், ஒன்றை வாயில் போட்டுக் கடிப்போம். பல்லுக்குக் கிடைக்கிற பதில் பொய் சொல்லாது. நானும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மூன்றையும் ஒவ்வொன்றாகக் கடித்தேன். முதலாவது கல். இரண்டாவது மாவாக உதிர்ந்து ஈறில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது லேசாக அழுத்தியதும் இரண்டாக உடைந்தது. பல் எடுத்த வாய்க்கு அதுதான் சரி என்று துப்பிவிட்டுத் திரும்பினால், பின்னால் குமார் தம்பி நிற்கிறது. "அக்கா, உங்களுக்கும் ஒரு கிலோ தனியா கட்டட்டுமா?"

ஒரு விள்ளல்

பல் ஆறியது, தீவனம் மாறியது, பூந்தி தின்ன ஆரம்பித்தது. ஆனாலும் சில நாள் பாதிக்குப் பாதி மிச்சம். முத்துப்பேட்டையிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், காய்ந்த கூனி இறாலைப் பொடித்துத் தூவினால் தட்டையே தின்றுவிடும் என்று யோசனை சொன்னாராம். அந்த உப்பு அந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது என்று தடுத்துவிட்டேன்.

மிச்சத்தைத் தினமும் எண்ணி வைக்கச் சொல்லியிருந்தேன். அண்ணி சொல்லச் சொல்லக் கேட்டதில் ஒன்று புரிந்தது. அண்ணன் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விட்ட நாட்களில் மிச்சம் ஐந்து, ஆறு. வீட்டில் உட்கார்ந்து இட்லி தின்ற நாட்களில் இருபது, இருபத்தைந்து. அடுத்த முறை இருவரும் சேர்ந்து வந்தபோது தராசைப் பார்த்துக்கொண்டே, இட்லி பூந்திக்கும் போகிறதா என்று கேட்டேன். அண்ணன் நெளிந்தார். "ஒரு விள்ளல்தான் தங்கச்சி, அது மூஞ்சியைப் பார்த்தா மனசு கேக்கலை." "உங்களுக்குத்தாண்ணே அது விள்ளல், அதுக்கு அரை வயித்துச் சாப்பாடு" என்றேன். அவர் தலையாட்டினார். அண்ணிக்குத்தான் ஆறவில்லை: "கட்டினவ கத்துனா காதுல ஏறலை, தராசைப் பார்த்து யாரோ சொன்னா மட்டும் ஏறுது பாரு!"

பொங்கலுக்கு முன்பு

கவிதா வந்தாள். அண்ணி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். போனால் கூடத்தில் நாயைத் தூக்கிப்போகும் கூடை ஒன்று புத்தம் புதிதாக இருந்தது. அண்ணன் அதன் பக்கமே போகாமல் வைக்கோல் போரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அத்தை, நீங்களே வைங்க" என்றாள் கவிதா. வாசலில் தட்டை வைத்து அறுபது உருண்டை எண்ணிப் போட்டேன், அண்ணனும் வந்து நின்றார். பூந்தி வந்தது. முகர்ந்தது. எங்கள் நான்கு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. பின்வாங்கிப் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கவிதாவின் கண் கூடைப் பக்கம் போயிற்று.

எனக்குப் பளிச்சென்று பட்டது. நாலு பேர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கும் சோறு இறங்காது. கல்யாண வீட்டில் பந்தி பார்க்க யாராவது எதிரில் நின்றால் பாதி இலையில் எழுந்து வந்திருக்கிறேன். "எல்லாரும் திரும்பி வயலைப் பாருங்க" என்றேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நானே கேட்டதில்லை. நான்கு பேரும் திரும்பிக் கதிர் சாய்ந்து நின்ற சம்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வைக்கோல் போரில் குருவிச் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு முதுகுக்குப் பின்னால் மொறுக் என்றது. இன்னொன்று. அப்புறம் நிற்காமல் மொறு மொறுவென்று. யாரும் திரும்பவில்லை. அண்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

சத்தம் நின்றதும் கவிதா பூந்தியைத் தூக்கி, விலாவைத் தடவிப் பார்த்தாள். முன்பு போன் படத்திலேயே துருத்திக்கொண்டு தெரிந்த எலும்பு இப்போது தேடித்தான் கிடைத்தது போலும். கொஞ்ச நேரம் அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் சொன்னது இதுதான்: "அந்தக் கூடையைத் தூக்கிப் பரண்ல போடுங்கப்பா, கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு."

மிச்சம் குறையக் குறையத் தலை நிமிர்கிற வியாபாரம் எங்களுடையது ஒன்றுதான். அன்று பூந்தியின் தட்டில் மிச்சம், நான்கு.