அண்ணி சுருக்கிச் சொன்னது

எங்கள் சலவைக்கடையில் அவளுக்குப் பெயர் போலீஸ். நான் வைத்த பெயர் இல்லை, ஆனால் வைத்தவர் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். காலையில் வந்ததும் தன் இஸ்திரி மேசையின் இழுப்பறையைத் திறந்து, நேற்று வைத்தது வைத்தபடி இருக்கிறதா என்று பார்ப்பாள். சாப்பாட்டு டப்பாவை யாராவது நகர்த்தியிருந்தால் கண்டுபிடித்துவிடுவாள். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து சிரித்துவிட்டால் போயிற்று. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எதிரில் வந்து நின்று, என்ன சிரிப்பு என்று புருவத்தைத் தூக்குவாள். விஷயத்தைச் சொன்னாலும் நம்பமாட்டாள். இன்னொருத்தியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், அவளும் அதையேதான் சொல்கிறாளா என்று சரிபார்ப்பாள். கடைக்கு முதலாளி என்பதற்காக எனக்கும் இதில் சலுகை கிடையாது.

பிறவியிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. நாள் முழுக்க அவளைச் சுற்றி வாய்கள் அசைந்துகொண்டிருக்கும். எதற்கென்று யாரும் சொல்வதில்லை. கேட்டால், ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்று கையை வீசிவிடுவார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் இப்படி வாழ்ந்திருந்தால் நான் அவளைவிட மோசமாக ஆகியிருப்பேன்.

அவள் இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணன் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். தங்கையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெண்டாட்டியைக் கூப்பிடுவார். கூடப் பிறந்தவர் கற்றுக்கொள்ளாத சைகை மொழியை, வாழ வந்த அண்ணி ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டாள். அந்த வீட்டில் போலீஸோடு பேசுகிற ஒரே ஆள் அவள்தான். டாக்டரிடம், வங்கியில், உதவித்தொகை அலுவலகத்தில், எங்கே போனாலும் அண்ணிதான் அவளுக்குக் காது, அண்ணிதான் வாய். அண்ணியைப் பற்றி யார் கேட்டாலும் தங்கமான மனுஷி என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுதிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, அதுவும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொன்ன வாத்தியாரிடம். சின்னச் சின்ன வார்த்தைகள் படிப்பாள். அலுவலகத் தமிழ் எனக்கே பாதிதான் புரியும், அவளைச் சொல்லி என்ன பயன்.

போன வருஷம், உதவித்தொகையைப் புதுப்பிக்கப் போய்விட்டு வந்தவள் நேராக என் மேசைக்கு வந்தாள். அவள் சைகையில் சொல்வது எனக்கு ஓரளவு புரியும். திருப்பிச் சொல்லத்தான் வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைச் சைகை. சட்டை, கறை, அவசரம், வேண்டாம், வீட்டுக்குப் போ, அவ்வளவுதான்.

"அந்த ஆபீஸ் மேடம் பேசினாங்க," என்று கைகளால் சொன்னாள். "ஒரு சட்டையை முழுசா தேய்ச்சு மடிக்கற நேரம் பேசினாங்க. அண்ணி என்கிட்ட சொன்னது 'எல்லாம் சரி, போகலாம்'. மீதியெல்லாம் எங்க போச்சு?"

அண்ணி உதவித்தொகையில் கை வைக்கிறாளோ என்று அவளுக்குச் சந்தேகம். வங்கிக் கணக்கைப் பார்த்தோம், பைசா குறையவில்லை. அதற்காக அவளுடைய சந்தேகம் குறைந்துவிடுமா? கண்கொத்திப் பாம்பாக அண்ணியைக் கவனிக்க ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. உனக்காக இவ்வளவு செய்கிறவளைப் போய் இப்படி நினைக்கலாமா என்று வாயும் கையும் வலிக்கத் திட்டினேன். இந்த வருஷம் புதுப்பிக்கும் நாள் வந்ததும், நீயும் கூட வா என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் எதுக்கு? எனக்குச் சைகையே ஒழுங்கா வராதே," என்றேன்.

"அதனாலதான். பொய் சொல்ற அளவுக்கு உனக்குச் சைகை தெரியாது," என்றாள்.

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, வேலைச் சான்று கொடுக்கிற சாக்கில் போனேன்.

அந்த அலுவலகத்தில் அவளுக்கு மேல் சந்தேகப் பேர்வழிகள் இருந்தார்கள். வரிசையில் நிற்கும்போது காவலாளி மெதுவாகப் பின்னால் வந்து, சாவிக்கொத்தைத் தரையில் போட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் துள்ளியதைப் பார்த்துப் போலீஸ் திரும்பினாள். "காது நல்லாத்தான் கேக்குது போல," என்று அவன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான். நான் அவனைப் பார்த்த பார்வையில் சாவியைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். ஊரை ஏமாற்றி உதவித்தொகை வாங்குகிறவளைக் கையும் களவுமாகப் பிடித்ததாக அவனுக்கு நினைப்பு.

உள்ளே அதிகாரி அம்மாள் கேள்வி கேட்டார். அண்ணி பதில் சொன்னாள். முகவரி அதேதானா, அதேதான். வேலை அதேதானா, அதேதான். அப்புறம் அதிகாரி தாளைப் புரட்டிக்கொண்டே, "தனியா இருக்க விரும்பறவங்களுக்குத் தரைத்தளத்துல ஒரு அறை வீடு குடுக்கற திட்டம். இந்த வருஷமும் விருப்பம் இல்லைன்னு போட்டுடவா?" என்றார்.

"ஆமா மேடம், போட்டுடுங்க," என்றாள் அண்ணி. கைகள் இரண்டும் மடியில் இருந்தன. பிறகு போலீஸ் பக்கம் திரும்பி, எல்லாம் சரி, போகலாம் என்று சைகை காட்டினாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "மேடம், அந்தக் கேள்வி அவளுக்குத்தானே? அவகிட்ட யாரும் கேக்கவே இல்லையே," என்றேன்.

"எல்லா வருஷமும் அண்ணிதான்மா சொல்றாங்க. குடும்பத்துல கலந்து பேசித்தானே சொல்லுவாங்க."

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு அறிவிப்பு. பாதியை நாட்காட்டி மறைத்திருந்தது. எழுந்து போய் நாட்காட்டியை ஒதுக்கிவிட்டு உரக்க வாசித்தேன். காது கேளாதவர் கேட்டால் சைகை மொழிபெயர்ப்பாளரை அலுவலகமே செலவில்லாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். உறவினரை அழைத்து வரும்படி சொல்லக் கூடாது.

"அதுக்கு அவங்க கேக்கணும்மா," என்றார் அதிகாரி.

"கேக்கலாம்னு அவளுக்கு யாரு சொன்னா? காலண்டரா?"

போலீஸை இழுத்து வந்து அறிவிப்பின் முன் நிறுத்தினேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். காது, சைகை, செலவில்லாமல் என்ற இடங்களில் விரல் நின்றது. அண்ணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அதிகாரியைப் பார்த்து, வேண்டும் என்று தலையை ஆட்டினாள். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

"நான் இருக்கேனே, எதுக்குக்கா இதெல்லாம்?" என்றாள் அண்ணி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து போலீஸிடம் விஷயத்தைச் சொல்ல முயன்றேன். அண்ணி, நீ, வீடு, வேண்டாம். என் சைகையின் லட்சணத்துக்கு அவள் என்ன புரிந்துகொண்டிருப்பாள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அண்ணி தன்னை வீட்டை விட்டுத் துரத்தப் போகிறாள் என்று எடுத்துக்கொண்டாள். இல்லை இல்லை என்று நான் தலையைத் தலையை ஆட்ட, அவள் சந்தேகம் கெட்டிப்பட்டது. அந்த வாரம் முழுக்க வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது. கடையின் பின்னறையைக் காட்டி, இங்கே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அலுவலகத்துக்கு வந்தபோது துணிமணியெல்லாம் அடைத்த பையோடு வந்தாள். பையைப் பார்த்த அண்ணி, அதைத் தாண்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு இளம்பெண். உட்காரும்போதே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். "இந்த ரூம்ல என் காதுல விழறது எல்லாத்தையும் இவங்களுக்குச் சொல்லுவேன். இவங்க கையால சொல்றதை அப்படியே சொல்லுவேன். நான் 'நான்'னு சொன்னா அது இவங்க."

சொன்னபடியே செய்தாள். பக்கத்து மேசைக்காரர் தும்மியதைச் சொன்னாள். அவர் தொலைபேசியில் பெண்டாட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததையும் விடவில்லை. போலீஸ் அவரைத் திரும்பிப் பார்த்தாள், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாரிடமும் கேட்காமல், சரிபார்க்காமல் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதிகாரி வீட்டுத் திட்டத்தை, இதுவரை விருப்பமில்லை என்று எழுதியிருப்பதையும் சேர்த்து, முழுசாகச் சொன்னார். ஒரு அறை, சமையலுக்குத் தனி இடம், பேருந்து நிறுத்தம் பக்கம், குறைந்த வாடகை. போலீஸ் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார். அவள் காலடியில் இருந்த பையைப் பார்த்தாள். துரத்தப் போகிறார்கள் என்று நினைத்துக் கட்டிக்கொண்டு வந்த பை அது. துரத்தவில்லை, போகவிடாமல் வைத்திருந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது.

அந்த இடைவெளியில்தான் அண்ணி அதிகாரி பக்கம் சாய்ந்து, எப்போதும் பேசுகிற மாதிரி பேசினாள். பத்து வருஷப் பழக்கம். நாத்தனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசிப் பேசிப் பழகிய வாய்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். அவ யாரையும் நம்பமாட்டா. தனியா விட்டா ஒரே மாசத்துல அக்கம்பக்கத்துல சண்டை போட்டுட்டு வந்து நிப்பா. ராத்திரி யாராவது கதவைத் தட்டினாக்கூடக் கேக்காது, எனக்குப் பயமா இருக்கு. அதோட நான் வேலைக்குப் போறேன், சாயங்காலம் பிள்ளைங்களைப் பாத்துக்க வேற யாரு இருக்கா? அவர் பாதி நாள் வீட்லயே இல்ல. இதையெல்லாம் அவகிட்ட சொல்ல வேண்டாம் மேடம்."

மொழிபெயர்ப்பாளரின் கைகள் நிற்கவில்லை. சண்டை, கதவு, பயம், பிள்ளைகள், எல்லாவற்றையும் சொன்னாள். 'இதையெல்லாம் அவகிட்ட சொல்ல வேண்டாம்' என்பதையும் சொன்னாள். கடைசிச் சொல்லில்தான் அண்ணிக்கு அந்தக் கைகள் கண்ணில் பட்டன. 

அவள் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவள் சொன்ன பயம் பொய்யில்லை என்றும் தோன்றியது, அதுவும் என்னைக் கோபப்படுத்தியது. பயத்தையும் தன் சௌகரியத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். எது எவ்வளவு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

போலீஸின் கைகள் மெதுவாக எழுந்தன. மொழிபெயர்ப்பாளர் குரல் கொடுத்தாள். "எனக்கு அந்த வீடு வேணும். கதவைத் தட்டினா எனக்குக் கேக்காது, நிஜம்தான். அண்ணி வீட்டுக்குள்ளயே இருந்தும் எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "யாராவது மணி அடிச்சா உள்ள விளக்கு மினுக்கும். அதைப் பொருத்திக் குடுக்கறது எங்க பொறுப்பு. விண்ணப்பத்தை இப்பவே எடுத்துக்கறேன்."

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை கேட்டீங்க?" என்று போலீஸின் கைகள் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னாள்.

அதிகாரி அண்ணியைப் பார்த்தார். "திட்டம் வந்ததுலேர்ந்து வருஷா வருஷம் கேக்கறோம். இது அஞ்சாவது வருஷம்."

போலீஸ் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி வைத்தாள். அண்ணி அவள் தோளைத் தொட்டு, எதிரில் குனிந்து, அவசர அவசரமாகச் சைகை செய்ய ஆரம்பித்தாள். போலீஸ் கண்களை மூடிக்கொண்டாள். கோபமாக இறுக்கிக்கொள்ளவில்லை, தூங்கப் போகிறவளைப் போல மூடிக்கொண்டாள். அண்ணி தோளை உலுக்கினாள். திறக்கவில்லை. பத்து வருஷமாகப் பேசிய கைகள் அந்தரத்தில் நின்றன.

அண்ணி மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பினாள். "நீங்க சொன்னா கேப்பாம்மா. நான் சொல்றதை அவகிட்ட சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

அந்தப் பெண் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "அவங்க கண்ணைத் திறந்தாத்தான்க்கா நான் சொல்ல முடியும்," என்றாள்.