கொடியில் காய்ந்த விமானம்

நேற்று செம்பூர் வீட்டில், முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரியைக் கட்டி முடித்தேன். வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியதும், மாட்டுங்காவில் இடித்துவிட்ட எங்கள் சால் என்கிற ஒண்டுக்குடித்தனக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கே போய்விட்டேன்: ஏழு குடித்தனம், ஒரே நீள வராந்தா, ஒரே துணிக்கொடி, மழை வந்தால் முதலில் பார்ப்பவர் எல்லார் துணியையும் எடுத்து உள்ளே போட வேண்டும் என்கிற வழக்கம்.

அதே விமானத்தைப் பள்ளி நாளில் அங்கே மூங்கில் குச்சியிலும் பட்டக் காகிதத்திலும் செய்தேன். கோடை விடுமுறை முழுக்க அதற்கே போயிற்று. கடைசிப் பூச்சு வார்னிஷ் காய்வதற்காக, வேட்டி புடவைகளுக்கு நடுவே அதைக் கொடியில் தொங்கவிட்டு, விழுந்துவிடுமோ என்று முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். பாதி வழியில் மழை கொட்டியது. இறக்கை கரைந்திருக்கும் என்று அழாத குறையாகப் படியேறினேன்.

பக்கத்து வீட்டு மாமி, நனையாத விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணியெல்லாம் கொடியிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒம்பது முடிச்சாடா போடுவா? அவுக்கறதுக்குள்ள மழை வந்துடுத்து" என்றாள். "துணி போனாப் போறது, நாளைக்குக் காயும்."

காயவில்லை. மறுநாள் ஏழு குடித்தனமும் ஈரச் சட்டையோடு ஆபீஸ் கிளம்பியது. போகிற வழியில் ஒவ்வொருவராக எங்கள் வாசலில் நின்று, அங்கே மாட்டியிருந்த விமானத்தின் புரொப்பல்லரை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள்.