கரை, தேடு, கரை, தேடு

உதயகலா அக்காவை நான் முதன்முதலில் கண்டபோது அவர் தொலைபேசியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். “கரைக்கு வந்தால் உடனை சொல்லத் தெரியாதோ? நாங்கள் இஞ்சை உங்களுக்காகக் கோயிலுக்கு நேத்தி வைச்சுக்கொண்டு இருக்கிறதோ?” யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பலாலி வீதியோரமாக இருக்கும் மீனவர் கூட்டமைப்பு அலுவலகம் அது. கோப்பாயில் தோட்டம் செய்யும் எங்கள் குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு, மடிப்புக் கலையாத புதுச் சேட்டோடு வாசலில் நின்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீர்தானோ கம்பஸிலையிருந்து வந்த கெட்டிக்காரன்? முதல் செருப்பைக் கழட்டும்.”

அவர் மயிலிட்டிக்காரி. போரில் இடம்பெயர்ந்திருந்த வீட்டில் பிறந்தவர்; இராணுவம் ஊரை விட்ட பிறகு திரும்பிப் போன குடும்பம். தகப்பன் கடலில் தொழில் செய்தவர். இப்போது தம்பி டிலக்ஷன் போகிறான். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, எந்தப் படகு கடலில், எந்தப் படகு கரையில் என்று காட்டும் கணினி நிரலைத் தனி ஆளாக எழுதியவர் அக்காதான்.

அதற்கு இரண்டு கணினிகள். ஒன்று மயிலிட்டித் துறைமுகத்தில், ஏரம்பு மாமாவின் பொறுப்பில். மற்றது எங்களிடம். காற்று மாறினால் படகுகள் பருத்தித்துறையிலோ காங்கேசன்துறையிலோ கரையேறிவிடும். அந்த அழைப்புகள் எங்களுக்கு வரும். மயிலிட்டிக்கு வருவதை மாமா பதிவார். இணைப்பு அடிக்கடி அறுவதால் இரண்டு பக்கமும் முழுப் பிரதி இருக்கும். ஒரு பக்கத்தில் மாற்றியது தானாகவே மற்றப் பக்கத்துக்குப் போய்ச் சேரும்.

போன கார்த்திகையில் ஒரு பின்னேரம் காற்று திடீரென்று கிளம்பியது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. டிலக்ஷனின் படகைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை, கைபேசியும் போகவில்லை. அக்கா அதை ‘தேடு’ என்று மாற்றினார். அப்படி மாற்றினால்தான் துறைமுகத்திலிருந்து தேடும் படகு புறப்படும்.

திரையில் ‘தேடு’ என்று வந்தது. உடனே ‘கரை’ என்று மாறியது. அக்கா மூச்சு விட்டார். அடுத்த கணம் மறுபடி ‘தேடு’. பிறகு ‘கரை’.

ஏரம்பு மாமாவின் அழைப்பு வந்தது. “பிள்ளை, உன்ரை கொம்பியூட்டருக்குப் பேயோ பிடிச்சிருக்கு? ஒருக்காக் கரை எண்டுது, ஒருக்காத் தேடு எண்டுது. தேடப் போற பெடியள் எஞ்சினைப் போட்டுக்கொண்டு நிக்கிறாங்கள். விடவோ வேண்டாமோ?”

“நீங்கள் கரை எண்டு போட்டனீங்களோ?”

“ஓம், இப்பத்தான். துறைமுக வாயிலுக்குள்ளை படகு வரேக்கை கண்டன். நீலத்திலை மஞ்சள் கோடு. கரைக்கு வந்தவனைத் தேட உந்தக் காத்துக்குள்ளை பெடியளை அனுப்பேலாது பிள்ளை.”

மயிலிட்டியில் படகின் இலக்கத்தை ஒருவரும் வாசிப்பதில்லை. நிறத்தைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். அக்காவின் முகம் மாறியது.

“மாமா, அப்பா ரெண்டு படகுக்கும் ஒரே பெயின்ற்தான் அடிச்சவர். மற்றது சித்தப்பாவிட்டை நிக்குது. ஓடிப்போய் ஆர் இறங்கினதெண்டு பாருங்கோ.”

மாமா ஓடினார். திரை மாறிக்கொண்டே இருந்தது. நான் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அதே இரண்டு மாற்றங்கள் திரும்பத் திரும்பப் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தன.

“அக்கா, நீங்கள் தேடு எண்டு அனுப்பினதும் மாமா கரை எண்டு அனுப்பினதும் வழியிலை ஒண்டையொண்டு கடந்திருக்கு. அங்கையிருந்து வந்ததை எங்கடை கொம்பியூட்டர் தன்ரை மாற்றம் எண்டு நினைச்சுத் திருப்பி அனுப்புது. அங்கத்தையானும் அப்பிடித்தான்.”

“எழுதினது நான்தானே,” என்றார், கண்ணை எடுக்காமல். மறுபடி ‘தேடு’ என்று போட்டார். மூன்றாவதாக அதுவும் சுழலில் சேர்ந்துகொண்டது. மற்றப் படகுகளின் செய்திகள் பின்னால் தேங்கி நின்றன.

“இணைப்பை வெட்டும்.”

“வெட்டினால் மற்றப் படகுகளின்ரை தகவலும் அங்கை போகாது, அக்கா.”

“வாயாலை சொல்லுவம். வெட்டும் கஜீவன்!”

வெட்டினேன். எங்கள் திரை ‘தேடு’ என்று நின்றது. மாமாவின் திரை ‘கரை’ என்று நின்றுவிட்டது.

மாமா இளைக்க இளைக்கத் தொலைபேசிக்குத் திரும்பி வந்தார். “பிள்ளை... உது சித்தப்பன்ரை படகு. டிலக்ஷன் இல்லை. ஆனால் இதிலை கரை எண்டெல்லோ நிக்குது?”

“அதைப் பாக்காதேங்கோ! பெடியளை விடுங்கோ. அவன்ரை மூஞ்சையைக் காணுமட்டும் தேடு எண்டுதான் கணக்கு.”

தேடும் படகு போனது. அக்கா அழவில்லை. கைபேசியை ஒரு தோளில் இடுக்கிக்கொண்டு, கரை சேர்ந்த மற்றப் படகுகளை ஒவ்வொன்றாக மாமாவுக்குச் சொன்னார். இடையில் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

இருட்டும் வேளையில் மாமாவின் குரல் வந்தது. “எஞ்சின் நிண்டு, நங்கூரம் போட்டுக்கொண்டு இருந்தவனாம். கட்டி இழுத்துக்கொண்டு வந்திட்டாங்கள். உன்ரை தம்பிதான், கண்ணாலை கண்டுட்டன். பசிக்குதாம்.”

“சாப்பாடு குடுக்காதேங்கோ. முதல் நான் வந்து ரெண்டு குடுக்கிறன்,” என்றார் அக்கா. பிறகுதான் மேசையில் தலையைச் சாய்த்தார்.

அடுத்த நாள் நானும் அக்காவும் நிரலைத் திருத்தினோம். ஒவ்வொரு மாற்றமும் எந்தக் கணினியில் பிறந்தது என்ற அடையாளத்தோடு போகும்; வெளியிலிருந்து வந்ததை எந்தக் கணினியும் திருப்பி அனுப்பாது. மாமாவுக்கு விளங்கவில்லை. அக்கா கேட்டார்: “உங்கடை வீட்டுக் கிண்ணம் வந்தால் எங்கடை அம்மா வெறுமையாத் திருப்பி விடுவாவோ?”

“விடமாட்டா. ஏதும் போட்டுத்தான் விடுவா.”

“உங்கடை வீட்டிலை மாமியும் அப்பிடித்தான் எண்டால் அது எப்ப நிக்கும்? கிண்ணத்தின்ரை அடியிலை ஆரின்ரை பேர் வெட்டியிருக்கெண்டு பாத்து, சொந்தக்காரர் எடுத்து வைச்சால்தானே நிக்கும்.”

“அப்ப இனிமேல் பலகாரம் வராதோ?” என்றார் மாமா.

ஆனால் அடையாளம் மட்டும் போதாது என்று நான் சொன்னேன். மாற்றங்கள் வழியில் கடந்தால் சுழல் ஓடாதுதான், ஆனால் இரண்டு திரைகளும் வேறு வேறாக நின்றுவிடும், அன்று வெட்டியபோது நின்றதைப் போல. அக்கா ஒரு விதியை எழுதினார்: இரண்டும் மோதினால் ‘தேடு’தான் வெல்லும். ஆளை நேரில் கண்டவர் தன் பெயரைப் போட்டு எடுக்கும்வரை அது மாறாது.

உதயகலா அக்கா இப்போதும் அதே அலுவலகத்தில், எனக்கு எதிர் மேசையில் இருந்து வேலை செய்கிறார். டிலக்ஷன் கடலுக்குப் போகிறான். அவனுடைய படகு இப்போது சிவப்பு.