அத்தையின் உயரத்துக்கு ஒரு கூடு

அந்த ஜீப்பில் மாமாவுக்கு எல்லாமே பிடித்திருந்தது, கூரையைத் தவிர. தேயிலைத் தோட்டத்துத் துரைக்காக வருடக்கணக்கில் அவரே ஓட்டிய வண்டி. பழசானதும் தோட்ட நிர்வாகம் அதை விற்றது, மாமா வாங்கிக்கொண்டார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், எந்தச் சேற்றிலும் ஏறும். பின்பக்கத்தை மூடியிருந்த கித்தான் மட்டும் கந்தலாகியிருந்தது. தெமோதரை ஸ்டேஷனில் இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு நமுனுகுல மலைப் பக்கம் சுற்றிக் காட்டுவது மாமாவின் திட்டம். நனைந்துகொண்டு மலை பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்பதால், இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்து ஒரு கூடு கட்டுவதென்று முடிவானது. அது தொண்ணூறுகளின் கடைசி, எனக்கு எட்டு வயது. கூடு கட்டியதும் முதல் சவாரி எனக்குத்தான் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

பதுளையில் ஒரு கராஜுக்குப் போனோம். அங்கே தகர வேலை செய்பவரை எல்லோரும் ‘பாஸ்’ என்றே கூப்பிட்டார்கள். அத்தை கொழுந்து பறிப்பவர். ஜீப் விஷயத்தில் அதுவரை வாயே திறக்காதவர், அன்று மட்டும் வேலைக்குப் போகாமல் கூடவே வந்துவிட்டார்.

“ரெண்டு பக்கமும் பெஞ்சு. ஆறு பேரு உக்காந்தா போதும் பாஸ்,” என்றார் மாமா.

“போதாது,” என்றார் அத்தை. “ஒரு ஆளு கால நீட்டிப் படுக்கணும். ஒரு பெஞ்சு மடங்கணும். தலமாட்டுல இன்னொரு ஆளு உக்கார எடம் வேணும்.”

“வெள்ளக்காரன் மலய பாக்க வர்றானா, படுத்துத் தூங்க வர்றானா?”

“படுக்க எடமில்லாட்டி கூடே வேணாங்க.”

கூட்டை நீட்டினால் வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும் என்றார் பாஸ். நிற்கட்டும் என்றார் அத்தை. துரையிடமே வாயாடிய மாமா, அத்தையிடம் தோற்றுப்போனார். தோற்றதைக் காட்டிக்கொள்ளாமல், விளையாட்டாகச் சிமெந்துத் தரையில் மல்லாந்து படுத்து, “ம், அளவெடுங்க பாஸ்!” என்றார்.

பாஸும் டேப்பை இழுத்துக்கொண்டு குனிந்தார். அத்தை பாய்ந்து டேப்பைப் பிடுங்கினார். “படுத்த ஆளுக்கு அளவெடுக்காதீங்க!”

எங்கள் பக்கம் படுத்திருப்பவருக்கு அளவெடுப்பது பெட்டி அடிக்கிற ஆசாரி மட்டும்தான். அதுவும் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் சாவு விழுந்தால். பாஸுக்கும் அது உறைத்திருக்க வேண்டும், இரண்டடி பின்னால் போய்விட்டார். மாமா சட்டை முழுக்கக் கிரீஸோடு எழுந்தார். அத்தை சுவரில் குதிகால் படும்படி விறைப்பாக நின்று, “எனக்கு எடுங்க. மேல ஒரு சாண் விடுங்க,” என்றார்.

“அதுல நான் படுத்தா முட்டிய மடக்கணும்டி.”

“நீங்க எதுக்குப் படுக்கப் போறீங்க?”

அத்தை தனக்கு ஒரு கட்டில் செய்துகொள்கிறார் என்று நான் முடிவு செய்தேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

கூடு தயாரானதும் நாலு பேர் தூக்கி வண்டிமேல் இறக்கினார்கள். ஆணித் துளைகள் ஒரு விரல் விலகி நின்றன. சட்டத்தை நெம்பி, தட்டி, சந்துகளில் ரப்பர் வைத்து முறுக்கினார்கள். லயத்துக்கு வந்ததும் சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பின்னால் துருத்தி நின்றதைப் பார்த்து, வண்டிக்கு வால் முளைத்திருக்கிறது என்று லயமே கேலி செய்தது.

அடுத்த ஞாயிறு முதல் வெள்ளைக்காரர்களை ஏற்றப் போக வேண்டும். ஸ்டேஷன் வரைக்கும் நானும் போவதாக ஏற்பாடு. தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. அப்போது கீழ் லயத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அவர் மருமகளுக்கு வலி கண்டுவிட்டதாம்.

மாமா வாயைத் திறப்பதற்குள் அத்தை பெஞ்சை மடக்கி மெத்தையை விரித்துவிட்டார்.

“ஸ்டேஷன்ல ஆளு நிக்கிதே…”

“நிக்கட்டும். வண்டிய எடுங்க.”

அந்த அக்காவைப் படுக்கவைத்து, தலைமாட்டில் அத்தை உட்கார்ந்தார். ஜீப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனது. நான் அன்றெல்லாம் அழுதேன். அத்தையை அவ்வளவு வெறுத்தது அந்த ஒரு நாள்தான்.

சாயங்காலம் திரும்பினார்கள். தாயும் பிள்ளையும் சுகம். வெள்ளைக்காரர்கள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டார்களாம். மாமாவுக்கு அதில் கோபமே இல்லை, அது என் கோபத்தை இன்னும் கிளறியது.

நான் பிறப்பதற்கு முன்னால், அத்தையையும் அப்படி ஒரு மழையில் பதுளைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், கூரையில்லாத கொழுந்து லொறியில், சாக்குகளின் மேல் படுக்கவைத்து. தலையைப் பிடித்துக்கொள்ளக்கூட ஆள் உட்கார இடமில்லை. அத்தை வெறுங்கையோடு திரும்பி வந்தார். பிள்ளைகள் முன்னால் யாரும் அதைப் பேசியதில்லை. எனக்குத் தெரியவந்தபோது நான் வளர்ந்திருந்தேன்.

அன்று தெரியாது. ஜீப்பின் உட்பக்கத்தைத் துடைக்கப் போன அத்தையைத் தேடிப் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். மடித்த பெஞ்சின் பக்கத்தில், கால்களை நீட்டி மல்லாந்து படுத்திருந்தார். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

“ஒழுகுதா அத்த?”

“இல்ல பாப்பா. ஒரு சொட்டுகூட விழல.”

அவர் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். உள்ளே ஏறி, கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. அப்படியும் நம்பாமல் ஓடிப்போய், படுக்கிற இடத்துக்கு மேலே கூடு எங்கேயோ ஒழுகுகிறது, அத்தை முகமெல்லாம் தண்ணீர் என்று மாமாவிடம் கோள் சொன்னேன். ஜீப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் ஓடிவருகிற மாமா, அன்று பார்க்க வரவில்லை.