ஈப்போ சந்தில் சேலை மடித்த காலம்

சேலைக்கடையில் விற்பது கொஞ்ச நேரம்தான், மற்ற நேரமெல்லாம் மடிப்பதுதான் வேலை. ஒரு சேலையை உதறிப் பார்க்க வந்தவருக்கு ஒரு நொடி போதும். நாம் அதை மடித்து நிமிர்வதற்குள் அவர் பக்கத்துக் கடையில் நிற்பார். கால் வீங்க வீங்க நின்றுகொண்டே சிரித்தவர்களே, துணிக்கடையோ செருப்புக்கடையோ, நீங்கள் எங்கே நின்றிருந்தாலும் என் வலி உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளின் கடைசியில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வேலைக்கு வந்தேன். மகள் பால் வெட்டப் போகாமல் ஃபேனுக்குக் கீழே நிற்கிறாள் என்று அம்மாவுக்குப் பெருமை. கடை, டவுன் நடுவே ஒரு சந்தில் இருந்தது. அதற்குள் கார் நுழையாது. சைக்கிள்காரரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். பக்கத்தில் சீனர் காப்பிக்கடை, எதிரே காதர் பாய் சாப்பாட்டுக்கடை, அந்தக் கோடியில் பூக்கடை. சந்தில் நடக்கிற எல்லாரும் எங்கள் கடைக்குள் ஒரு கால் வைத்துவிட்டுத்தான் போவார்கள். வாங்கவா? நீங்களே பாருங்கள்.

பச்சைச் சேலை

தீபாவளி நேரம். தைப்பிங்கிலிருந்து ஓர் அக்கா, தங்கச்சியையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பச்சை வேண்டும் என்றார். கிளிப்பச்சை எடுத்தேன், கண்ணைக் குத்துது என்றார். பாசிப்பச்சை எடுத்தேன், அழுக்குப் பட்ட மாதிரி இருக்கு என்றார். இலைப்பச்சையில் கரை பெரிது, இன்னொன்றில் கரை சிறிது. மேசை மேல் சேலைகள் குவிந்து, அந்தப் பக்கம் நிற்கும் முதலாளியின் தலை மட்டும் தெரிந்தது.

திடீரென்று அக்காவின் பார்வை நான் கட்டியிருந்த பச்சைச் சேலையில் நின்றது. முந்தானையைப் பிடித்து இழுத்துத் தடவிப் பார்த்தார். “இதான், இதே மாதிரி ஒண்ணு எடு” என்றார். இது கடைச் சேலை இல்லக்கா, என் அண்ணன் தைப்பிங்கில் எடுத்துக் கொடுத்தது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவர் தங்கச்சி பக்கம் திரும்பினார். “பாத்தியாடி, இங்க வேல செய்யிறவளே இங்க வாங்கல. வா, நம்ம ஊருக்கே போலாம்!”

மழைக்கு வந்தவர்

ஈப்போவில் சாயங்கால மழை பிடித்தால் சந்துக்கு இரண்டு பக்கமும் தகரக் கூரையிலிருந்து அருவி கொட்டும். அப்படி ஒருநாள் ஆபீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார். குடையை வேட்டி அடுக்கின் மேல் சாய்த்துவிட்டு, சட்டைத் துணி காட்டச் சொன்னார். கோடு போட்டது, கட்டம் போட்டது, ஒன்றும் போடாதது என்று எல்லாம் எடுத்தேன். துவைத்தால் சுருங்குமா, சாயம் போகுமா, கையில் தேய்த்தால் முரடாக இருக்கிறதே என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் மேல் தட்டில் இருக்கும் நீலம்தான் பிடித்திருக்கிறது என்றார். ஏணி போட்டு ஏறி, தூசியில் தும்மி, இறக்கி வந்து கத்தரிக்கோலையும் கையில் எடுத்துவிட்டேன்.

எத்தனை கஜம் வெட்டட்டும் சார் என்று கேட்டேன். அவர் வாசலை எட்டிப் பார்த்தார். மழை விட்டிருந்தது. “வேணாம்மா. சும்மா நின்னா நீங்க ஏதும் நெனச்சிக்குவீங்களேன்னுதான் கேட்டேன்.”

அம்மனுக்கு ஒரு சேலை

ஆடி மாதம் விரதம் இருக்கும் ஓர் அம்மா, அம்மனுக்குச் சாத்த மஞ்சள் சேலை எடுக்க வந்தார். எடுத்துக் கொடுத்ததும் மூக்கருகே கொண்டுபோனார். “என்ன புள்ள, ஆட்டுக்கறி வாசம் வருது?” எனக்கு மறுக்க வழியில்லை. காதர் பாய் கடைக் குழம்பு கொதிக்கும் நேரம் அது. பிளாஸ்டிக் பையைப் பிரித்து வேறொன்று எடுத்தேன். மோந்தார். “இது கோழி.” மூன்றாவதை நான் எடுப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி என்னைத்தான் தூது அனுப்பினார். காதர் பாய் நல்ல மனிதர், நான் சாப்பிடப் போனால் கேட்காமலே கூடக் கொஞ்சம் குழம்பு ஊற்றுவார். அந்தத் தைரியத்தில், அடுப்பைக் கொஞ்சம் பின்பக்கம் தள்ளி வைக்க முடியுமா பாய் என்று பணிவாகக் கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “என் ரொட்டி சானாய்ல ஒங்க சேலைக்குப் போடுற பாச்சை உருண்ட வாசம் அடிக்குதுன்னு வாரவன் போறவன் எல்லாம் சொல்றான். நான் ஒருநாளாச்சும் ஒங்க கடைக்கு வந்து கேட்டிருப்பனா லா?”

கூறைச்சேலை

ஒரு குடும்பம் கூறைச்சேலை எடுக்க வந்தது. பெண்ணின் பெயர் சாந்தி. அவளைத் தவிர எல்லாரும் பேசினார்கள். அத்தைக்காரி தேர்ந்தெடுத்துத் தருவார், சாந்தி தலையை ஆட்டி வேண்டாம் என்பாள். சிவப்பு வேண்டாம், அரக்கு வேண்டாம், மாம்பழ நிறமும் வேண்டாம். மத்தியானச் சோறு தப்பிப்போய், வயிறு எரிய நான் மடித்துக்கொண்டே இருந்தேன். இவளை ஒரு அறை விட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

கண்ணாடி முன்னால் ஒரு சேலையை அவள் தோளில் போட்டுச் சரிசெய்தபோது உதட்டை அசைக்காமல் சொன்னாள்: “அக்கா, ஒண்ணும் சரியில்லன்னு சொல்லுங்க. இன்னைக்குச் சேல எடுத்தா நாளைக்குப் பத்திரிக்க அடிச்சிருவாங்க. என் பரீட்ச ரிசல்ட்டு வர்ற வரைக்கும் பொறுங்கன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.” நான் அத்தை பக்கம் திரும்பி, உண்மையச் சொல்றேன்கா, இந்தச் சரக்கு நல்லா இல்ல, பினாங்குல இருந்து புதுசு வருது, அடுத்த வாரம் வாங்க என்றேன். அவர்கள் போனதும் முதலாளி கத்திய கத்தலுக்குக் காப்பிக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். வேலை போயிற்று என்றே நினைத்தேன். போகவில்லை. ஆனால் மாடியில் கிடந்த பழைய சரக்கையெல்லாம் தட்டித் துடைக்கவைத்தார்.

அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. ரொம்ப நாள் கழித்து, வெள்ளை உடுப்பில் ஒரு பெண் தனியாக வந்து சிரித்தாள். சாந்தி! அந்த வாரமே ரிசல்ட் வந்ததாம், அப்பா மனம் மாறினாராம், இப்போது ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியில் இருக்கிறாளாம். அவளுக்கென்று கடையிலேயே நல்லதாகப் பார்த்து ஒவ்வொன்றாக விரித்தேன். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகத் தடவிப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தாள். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு நீங்க பொய் சொன்னீங்கன்னு நெனச்சேன், நெசமாவே ஒங்க கடையில நல்ல சேல இல்ல லா.”

இப்போதெல்லாம் நான் எந்தத் துணிக்கடைக்குப் போனாலும் அவர்கள் முதலில் காட்டும் சேலையையே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், வீட்டில் எனக்கு ரசனை இல்லை என்கிறார்கள்.