அக்கா ஆடிய இடம்

சுண்டுவைக் கேப்டனாக்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. டீமிலேயே அவள்தான் குள்ளம். சுண்டுவிரல் என்று ஆரம்பித்த கேலி சுருங்கி அதுவே பெயராகிவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் நன்றாக ஆடுகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் பயிற்சி கொடுக்கும் மாஸ்டருக்குத் தேவைப்பட்டது எதிர்த்துப் பேசாத ஒரு கேப்டன். சுண்டு வாயைத் திறந்தால் "சரி சார்" தவிர வேறொன்றும் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அது ஒரு டயர் கம்பெனியின் பெண்கள் ஹாக்கி டீம். ஆடுகிறவர்களுக்குக் கம்பெனியிலேயே வேலை உண்டு. வேலை என்றால் பெயருக்குத்தான். காலையில் ஸ்டோரில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வால்வு மூடிகளைப் பொட்டலம் போட வேண்டும், மதியத்துக்கு மேல் மைதானம். டீமைவிட்டுப் போனால் அந்த நாற்காலியும் போய்விடும். பிறகு பின்பக்கத்து ஷெட்தான். அங்கே டயரை அச்சில் வைத்து வேகவிடுவார்கள். அந்த ஷெட்டுக்குப் போனவர்களை முன்கையில் வரிவரியாக இருக்கும் தழும்பை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

சுண்டுவின் அக்காதான் டீமின் சென்டர் ஃபார்வர்ட். தங்கையை மாஸ்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, கெஞ்சிக் கூத்தாடி டீமில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அப்பா அதே கம்பெனியின் முன்வாசல் காவலாளி. காலையில் இரண்டு பெண்களும் உள்ளே போகும்போது விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார். அக்கா பெரிய அதிகாரி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு போவாள். சுண்டு சிரித்துக்கொண்டே பின்னால் ஓடுவாள்.

பஞ்சர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. அம்மாவும் அப்பாவும் உள்ளறையில் படுப்பார்கள், அக்காவும் தங்கையும் வெளியறையில் ஒரே மெத்தையில். ஒரு மழைக்கால மேட்சில் அக்காவின் முழங்கால் உள்ளுக்குள் எங்கேயோ பிசகியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டருக்குத் தெரிந்தால் கதை முடிந்தது. தினமும் விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சுண்டுதான் முழங்காலை இறுக்கிக் கட்டிவிடுவாள். மூச்சு விடாதே என்று அக்கா முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள். அதற்குப் பிறகு சொல்லவும் இல்லை, தங்கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

சுண்டு ஆடியது வலது ஹாஃபில். உயிரைக் கொடுத்து ஓடிப் பந்தைப் பறித்து முன்னால் அனுப்புவது அவள் வேலை. அனுப்பிய பந்தை அக்கா கோலில் தள்ளுவாள், எல்லோரும் அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். கேப்டனானால் நிலைமை மாறும் என்று சுண்டு நினைத்தாள். மாறவில்லை. டாஸ் போடும்போது மட்டும்தான் அவள் கேப்டன், மற்ற நேரமெல்லாம் சுண்டு.

அந்த வருஷம் டீம் வரிசையாகத் தோற்றது. வெளியிலிருந்து நெட்டையான ஒரு பெண்ணைத் தற்காப்புக்குக் கொண்டுவருவதென்று மேலே முடிவாயிற்று. ஒருத்தி வருகிறாள் என்றால் இன்னொருத்தி போக வேண்டும். மாஸ்டர் சுண்டுவை மட்டைகள் அடுக்கிவைக்கும் அறைக்குக் கூப்பிட்டார். நனைந்த ஷூக்களின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. இரண்டாவது கோல்கீப்பரை அனுப்பிவிடலாமா என்று அவரே கேட்டார். அவள் சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். சுண்டு வழக்கம்போல "சரி சார்" என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"அக்காவை எடுத்துடுங்க சார்" என்றாள்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "உன் அக்காவையா?"

"முழங்கால் போச்சு சார். வெளியில சொல்லாம ஆடிட்டிருக்கா. நான்தான் கட்டுப் போட்டுவிடுறேன்." கொஞ்சம் நிறுத்தி, "சென்டர்ல நான் ஆடுறேன்" என்றாள்.

மறுநாள் கம்பெனி டாக்டர் அக்காவை மேஜையில் படுக்கவைத்து முழங்காலை மடக்கினார். அவள் கத்திய கத்தல் ஸ்டோர் வரைக்கும் கேட்டது. சுண்டு தலையைக் குனிந்தபடி வால்வு மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அக்காவை ஷெட்டுக்கு மாற்றினார்கள். ஷெட் ஆட்களுக்குப் பின்வாசல்தான் வழி, அதனால் அவளுக்கு அப்பாவின் சல்யூட்டும் நின்றுபோனது.

யார் போட்டுக்கொடுத்தது என்று அக்கா மண்டையைக் குடைந்துகொண்டாள். தங்கைமேல் சந்தேகம் கடுகளவும் வரவில்லை. உடை மாற்றும் அறையில் ஒருநாள் தன் முழங்கால் கட்டை அந்த இரண்டாவது கோல்கீப்பர் பார்த்துவிட்டது ஞாபகத்துக்கு வந்தது. கம்பெனி பஸ்ஸில் அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கன்னத்தில் அறைந்தாள். எதற்கு அடி விழுந்தது என்றுகூட அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. காதைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள். பக்கத்து சீட்டில் இருந்த சுண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

சென்டரில் ஆடுவது அவள் நினைத்த மாதிரி இல்லை. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு தடிமாடுகளுக்கு நடுவில், பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் நிற்க வேண்டும். முதல் மேட்சுகளில் பந்து அவள் மட்டையில் பட்டதே அபூர்வம். பார்க்க வந்த தொழிலாளிகள், ஷெட்டில் இருக்கிற பெரியவளை அனுப்பச் சொல்லிக் கத்தினார்கள்.

மாஸ்டர் அவளைத் தனியாகப் பிடித்தார். கோலுக்கு முன்னால் நிற்கவைத்து, டீமில் பலமாக அடிக்கிறவர்களை வரிசையில் விட்டார். வருகிற பந்தை மட்டையால் லேசாகத் திருப்பி உள்ளே விட வேண்டும். முகத்தைத் திருப்பினால் மறுபடி முதலிலிருந்து. தாடை கிழிந்தது, முன்பல் ஒன்று போனது, தொடையெல்லாம் கருநீலம். அடி வாங்கும்போது மட்டும் அவளுக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. நாளாக ஆக அதுவும் பழகிப்போய், அடி வெறும் அடியானது. அதற்குப் பிறகுதான் அவள் நன்றாக ஆட ஆரம்பித்தாள்.

வீட்டில் அக்காதான் அவளுக்குத் தைலம் தடவிவிட்டாள். ஷெட்டில் வெந்து தோல் உரிந்திருந்த கை, முதுகில் பட்டபோது உப்புத்தாள் மாதிரி உறுத்தியது. என்னால்தானே நீ இப்படி அடிபடுகிறாய், நான் ஒழுங்காக ஆடியிருந்தால் உன்னை இந்த இடத்தில் தள்ளியிருப்பார்களா என்று புலம்பிக்கொண்டே தடவினாள். சுண்டு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்குவது போலக் கிடந்தாள்.

அடி வாங்கக் கற்றவள் கொடுக்கவும் கற்றாள். நடுவர் அந்தப் பக்கம் திரும்பும் நொடியில் மட்டையின் பின்முனையால் விலாவில் ஒரு குத்து. கீழே விழுந்தவளின் விரல்மேல் தெரியாத மாதிரி ஒரு மிதி. எதிரணியில் யாருக்கு எங்கே பழைய காயம் என்று விசாரித்து வைத்துக்கொண்டு நேராக அங்கேயே போய் இடித்தாள். அடுத்த சீசனில் லீகிலேயே அதிகக் கோல் அடித்தது சுண்டுதான். கேலி செய்தவர்கள் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள்.

கோப்பை வந்தது. கம்பெனி பாராட்டு விழா வைத்தது. ஷெட் ஆட்களையும் வேலையை நிறுத்தி வரச்சொன்னார்கள். அவர்கள் கரி படிந்த உடுப்போடு பின்னால் நின்றார்கள், அவர்களுக்கு நடுவில் அக்கா. மேடையின் ஓரத்தில் சீருடையில் அப்பா. மாலையோடு உட்கார்ந்திருந்த சுண்டுவைக் காட்டி மாஸ்டர் பேச ஆரம்பித்தார். அவர் மனதாரப் புகழத்தான் நினைத்தார்.

"கேப்டன்னா இந்தப் பொண்ணு மாதிரி இருக்கணும். சொந்த அக்கானுகூடப் பார்க்கல. அக்காவுக்கு முழங்கால் போச்சு, டீமுக்கு ஆகாது, தூக்கிடுங்கன்னு எங்கிட்ட வந்து சொன்னதே இவதான்."

முன்வரிசையில் மேனேஜர் கைதட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். மேனேஜரின் பார்வை தன்மேல் விழுந்ததும் அப்பாவும் தட்டினார். சுண்டு பின்வரிசையைத் தேடினாள். அக்காவும் தட்டிக்கொண்டிருந்தாள், எல்லோரும் நிறுத்திய பிறகும்.

அன்று அக்கா வீட்டுக்கு நேராக வரவில்லை. கோல்கீப்பர் பெண் தங்கியிருந்த அறைக்குப் போய், அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அந்தக் காதில் இன்னமும் சரியாகக் கேட்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்ததாம். வீட்டுக்கு வந்து துணிகளைப் பைக்குள் திணித்தாள். என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தாள். அப்பா உள்ளறையைவிட்டு வெளியே வரவில்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள் அக்கா, பையின் ஜிப்பை இழுத்தபடி.

"கேட்டா விட்டுக்கொடுத்திருப்பியா?"

"மாட்டேன்." அக்கா யோசிக்கவே இல்லை. "சத்தியமா மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். நீ ஜெயிச்சிருந்தாலும் ஜெயிச்சிருப்பே. எனக்கு அது போதும். ஆனா இத்தனை நாள் என்னை உனக்குத் தைலம் தடவ விட்டியே, அதை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

பையைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அந்தக் காலோடு அந்தப் படிகள் அவளுக்கு நேரம் பிடித்தன. சுண்டு மேலேயே நின்றாள். பையையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது, கால் நகரவில்லை.

அக்கா கோல்கீப்பரோடு தங்கினாள். அம்மாவின் அழுகை தாங்காமல் சுண்டு ஒருமுறை அங்கே போனாள். கோல்கீப்பர்தான் கதவைத் திறந்தாள். அக்கா தூங்குகிறாள் என்று சொன்னாள். உள்ளே அக்கா யாரோடோ சிரித்துப் பேசுவது நன்றாகவே கேட்டது. சுண்டு கொண்டுபோன பழங்களைக் கதவோரம் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு அவள் வளர்ச்சியைத் தடுக்க ஆளில்லை. பெரிய டீம்கள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிட்டன. நாட்டு அணியிலும் சென்டர் இடம் அவளுக்கே என்றாயிற்று. அவளைப் போலக் கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டத்துக்குள் நிற்க இன்னொருத்தி பிறக்க வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதின. கூட ஆடுகிறவர்கள் அவளை மதித்தார்கள், பயந்தார்கள். ஆனால் அவள் அறைக்குள் வந்தால் பேச்சை மாற்றினார்கள், சுளுக்கு வந்தால் மறைத்துக்கொண்டார்கள். அந்த மேடைப் பேச்சு அவளுக்கு முன்னாலேயே எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

போன சீசனின் கடைசி மேட்சுக்கு முந்தைய பயிற்சியில் யாரோ இடித்ததில் அவளுக்கு இடது பக்கம் ஒரு விலா எலும்பு முறிந்தது. டாக்டரிடம் போகவில்லை. அறைத்தோழியிடம் சொல்லவில்லை. கட்டுத்துணியைப் பல்லில் கவ்விக்கொண்டு, குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தானே இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். துணி நழுவி நழுவி விழுந்தது. மறுநாள் ஆடினாள். கூட்டம் எழுந்து நிற்க, ஜெயித்த கோலை அடித்ததும் அவள்தான்.

டீம் முழுக்க ஓடிவந்தது. ஒருத்தி இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள், இன்னொருத்தி மார்போடு சேர்த்து இறுக்கினாள், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. முகத்தில் ஏதாவது தெரிந்துவிடப்போகிறதே என்று சுண்டு, பல் போன இடம் தெரிய வாய் நிறையச் சிரித்தாள். புதிதாக வந்திருந்த மாற்று சென்டர் மட்டும் கைதட்டியபடி சற்றுத் தள்ளி நின்று, சுண்டுவின் இடது கை எதனால் மேலே போகவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.